பெயர் ஒட்டாத டப்பா: கண்ணைச் சுற்றி அரிப்பு இருப்பவர்கள் கவனத்துக்கு

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் மீசை வரைக்கும் ஊர் சிரிக்கும் என்று தெரியும். ஆனால் போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, இரண்டு வயதுப் பேத்தியின் கன்னத்தில் கொசுக்கடிக்கென்று ஒரு க்ரீமைத் தடவிக்கொண்டிருந்தார் அக்கா. வெள்ளை மூடி, பெயர் ஒட்டாத டப்பா, வெட்டிவேர் வாசனை. பார்த்ததும் தெரிந்துவிட்டது. எட்டு மாதம் என் கண்ணைச் சுற்றி நான் தடவியது அதே டப்பாதான்.

எனக்கு 48 வயது. கரூரில் திரைச்சீலை, மேசைவிரிப்பு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். போன வருடம் தை மாதம் மேல் இமையில் ஆரம்பித்தது. முதலில் அரிப்பு. இரண்டு நாளில் இமை சிவந்து, தடித்து, கசக்கிப் பிரித்த காகிதம் மாதிரி சுருங்கி, தோல் உரிந்தது. ஒரு வாரத்தில் தானாக அடங்கியது. மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தது. இப்படியே மாற்றி மாற்றி.

ஆபீசில் எல்லாரும் மெட்ராஸ் ஐ என்று முடிவுகட்டி, என் பேனாவைக்கூடத் தொடவில்லை. முதலாளி கூப்பிட்டு, "என்னப்பா, ராத்திரி லேட்டா படுத்தியா?" என்று கேட்டார். கேட்டது தூக்கத்தைப் பற்றி இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கண்ணுக்குள் சிவப்பே இல்லை, தோலில்தான் எல்லாம் என்று எத்தனை பேரிடம் விளக்குவது? வீட்டில் விளக்கெண்ணெய், கற்றாழை, நந்தியாவட்டைப் பூ எல்லாம் வரிசையாக வந்து போயின. உடம்புச் சூடு என்று சனிக்கிழமை தவறாமல் எண்ணெய்க் குளியல். அம்மா மட்டும் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்: "இது செவ்வாக்கிழமையானா வருதுடா. செவ்வா தோசம். முருகன் கோயிலுக்குப் போ." நான் சிரித்தேன். அம்மா சொன்ன காரணம்தான் தப்பு, கணக்கு சரி. அது பிறகு தெரிந்தது.

முதல் ஏமாற்று மருந்துக்கடையில். கண்ணாடியைக் கழற்றிக் காட்டினேன். கடைப் பையன் இரண்டு வினாடி பார்த்துவிட்டு ஒரு டியூபை எடுத்து வைத்தான். சீட்டு கேட்கவில்லை. "கண்ணுக்குள்ள படாம தடவுங்க சார்" என்பதுதான் மொத்த ஆலோசனை. அதில் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் நியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் இருந்தன. ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் கொடுக்கக்கூடாது. அதற்காகத்தான் 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை 'எச்' அட்டவணைக்குள் கொண்டுவந்தது. டியூபில் சிவப்புக் கோடும் எச்சரிக்கையும் இருந்தன. எழுத்து அவ்வளவு பொடி, நானும் படிக்கவில்லை. நாலு நாள் நன்றாக இருந்தது, பிறகு முன்பைவிட மோசம். டியூபைத் தூக்கிப் போட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா அந்தப் பெண்ணை அறிமுகம் செய்தார். முப்பது வயதிருக்கும். வீட்டிலேயே மூலிகை சோப்பு, கூந்தல் தைலம், க்ரீம் எல்லாம் விற்கிறார். நல்ல பேச்சு. "அண்ணா, இதுல கெமிக்கல் ஒரு துளி இல்லீங்ணா. குப்பைமேனி, கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேரு, அவ்வளவுதான். பச்சக் கொழந்தைக்கே தடவலாம்." முப்பது கிராம் டப்பா 450 ரூபாய். பில் கேட்டேன். "நமக்குள்ள என்னங்ணா பில்லு" என்று சிரித்தார். அக்காவுக்குத் தெரிந்தவர் ஆயிற்றே, நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குத்தான் பிறகு நிறையச் செலவானது.

க்ரீம் வேலை செய்ததா? அபாரமாக. ராத்திரி தடவினால் காலையில் அரிப்பு இல்லை. இரண்டாம் நாள் சிவப்பு இல்லை. நானே நாலு பேருக்குச் சிபாரிசு செய்தேன். அவர்களிடம் இப்போது தனித்தனியாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். குப்பைமேனியும் மஞ்சளும் எத்தனை நல்லவையாக இருந்தாலும், ஒரே ராத்திரியில் இமை வீக்கத்தை வற்ற வைக்குமா என்று அப்போது தோன்றவில்லை. நன்றாக இருக்கும்போது யார் கேள்வி கேட்கிறார்கள்?

முதலில் வந்தால் மட்டும் தடவினேன். பிறகு வராமலிருக்கத் தடவினேன். ஆறாவது மாதம் காலை, ராத்திரி இரண்டு வேளை. ஒரு டப்பா இரண்டு மாதம் வந்தது போய் மூன்று வாரத்தில் காலியானது. இமைத் தோல் எண்ணெய் தடவினது மாதிரி பளபளத்தது, உள்ளே நூல் நூலாக நரம்பு தெரிந்தது. மனைவிதான் முதலில் கேட்டாள், "ஏங்க, கண்ணு ஓரமெல்லாம் பாலிதீன் பை மாதிரி ஆயிடுச்சே?" வயசாகிறது என்றேன்.

தீபாவளிக்கு அந்தப் பெண் ஊருக்குப் போய்விட்டார். டப்பா காலி. நாலாம் நாள் காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. இமை மட்டுமல்ல, கண்ணுக்குக் கீழே, மூக்கோரம், நெற்றி வரை சிவந்து எரிந்தது. தண்ணீர் பட்டால்கூட எரிச்சல். நான் போனில் கெஞ்சினேன் என்பதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. "அண்ணா, பஸ்ஸுல ஒரு டப்பா குடுத்து விடறேன்" என்றார். மனைவி போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, திருச்சியில் ஒரு தோல் டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

டாக்டர் அம்மா தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "எவ்வளவு நாளா என்ன தடவுறீங்க? டப்பா எங்கே?" என்றுதான் ஆரம்பித்தார். காலி டப்பாவை நீட்டினேன். விடாமல் தடவியதை நிறுத்திய சில நாளில் இப்படிப் பொங்கினால், உள்ளே ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம் என்றார். இப்படிக் கெட்டுப்போன முகத்துக்குத் தோல் மருத்துவர்கள் ஒரு தனிப் பெயரே வைத்திருக்கிறார்களாம், அவ்வளவு பேர் வருகிறார்கள். உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத் தோல், அரை மில்லிமீட்டர் கனம்கூடத் தேறாது. அங்கே தடவுவது சுலபமாக உள்ளே இறங்கும், கண்ணுக்கும் போகும். அதனால் அன்றைக்கே கண் டாக்டரிடமும் அனுப்பினார்.

கண்ணின் உள்ளழுத்தம் பொதுவாக 10-லிருந்து 21 வரை இருக்க வேண்டும். எனக்கு வலது கண்ணில் 28, இடதில் 26. நல்லவேளையாகக் கண் நரம்பு இன்னும் கெடவில்லை. அப்படியே விட்டிருந்தால் வலியே இல்லாமல் பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும், போனது திரும்பாது என்றார்கள். கண்புரையும் சீக்கிரம் வருமாம். தோலில் தடவிய க்ரீம் கண் நரம்பு வரைக்கும் போகும் என்று யார் நினைப்பார்கள்? நான் அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் உண்மையாகப் பயந்தேன். கண்ணும் கணக்கும்தான் எனக்குச் சோறு.

டப்பாவின் அடியில் ஒட்டியிருந்ததை வழித்து, மச்சான் மூலம் ஒரு தனியார் ஆய்வகத்தில் கொடுத்தோம். இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கச் சொன்னோம். அளவு பார்க்கத் தனிக் கட்டணம். க்ளோபெட்டசால் இருக்கிறது என்று எழுதி வந்தது. தோலில் தடவும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை. கையும் காலும் காய்ப்புக் காய்த்த இடங்களுக்குக்கூட டாக்டர்கள் இரண்டு வாரக் கணக்கு வைத்துக் கொடுப்பதை நான் இமையில் எட்டு மாதம் போட்டிருக்கிறேன்.

அடுத்த மூன்று வாரம் நரகம். குளிர்ந்த ஈரத்துணி, வெறும் வாசலின், சோப்பே இல்லாமல் தண்ணீர். டாக்டர் ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் 0.03 சதவீதக் களிம்பு எழுதிக் கொடுத்தார். "முதல் ஒரு வாரம் மிளகாய் தடவின மாதிரி எரியும். பயந்து நிறுத்திடாதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எரிந்தது. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்குக் கொடுத்த பணம் தகும். கண்ணுக்குச் சொட்டு மருந்து. இரண்டு மாதத்தில் அழுத்தம் 17-க்கு இறங்கியது. சொட்டை நிறுத்திய பிறகும் அங்கேயே நிற்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

இதெல்லாம் சரி, முதலில் இது ஏன் வந்தது? எனக்குக் கம்பெனித் துணிச் சாயத்தின் மேல்தான் சந்தேகம். வேலையை விடுவதா என்றுகூட யோசித்தேன். டாக்டர், "முகத்துக்கு என்ன போடுவீங்க?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன். "மீசைக்கு?"

நான் பேசாமல் இருந்தேன். மனைவி பேசினாள்.

மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்கும் மீசைக்கும் மை அடிப்பேன். அதுவும் "மூலிகை மெஹந்தி" பாக்கெட்டுதான், முன்பக்கம் பூராவும் இலை படம். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க பேட்ச் டெஸ்ட் வைத்தார்கள். சின்னச் சின்ன வட்டமாகப் பல பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் குளிக்காமல் வைத்திருந்து எடுத்துப் பார்க்க வேண்டும், நாலாம் நாள் மறுபடி பார்க்க வேண்டும். கரூர் வெயிலில் இரண்டு நாள் குளிக்காமல் குப்புறப் படுத்திருந்ததைத் தனியாக எழுதலாம். இரண்டு இடம் சிவந்து தடித்தன. ஒன்று தலைமுடி மையில் சேர்க்கும் பாரா-பினைலீன்டைஅமின், சுருக்கமாக பி.பி.டி. இன்னொன்று நியோமைசின், அதாவது அந்த மருந்துக்கடை டியூபில் இருந்தது.

வீட்டுக்கு வந்து மெஹந்தி பாக்கெட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். பின்பக்க மடிப்புக்குள் பி.பி.டி. என்று இருக்கிறது. மருதாணி சிவக்கும், கறுக்காது என்று நம் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் தெரியும். அவுரி சேர்த்தால் கறுக்கும், அதற்கு நேரம் பிடிக்கும். இருபது நிமிடத்தில் மீசை கருகருவென்று வந்தால் அது இலை செய்த வேலை இல்லை. உபயோகிப்பதற்கு 48 மணி நேரம் முன்பு காதுக்குப் பின்னால் தடவிப் பார்க்கவும் என்றும் எழுதியிருக்கிறது. பத்து வருடத்தில் ஒரு நாள்கூடச் செய்ததில்லை. இந்த ஒவ்வாமை உடனே காட்டாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் காட்டும். ஞாயிறு அடித்த மை, செவ்வாய் வீங்கிய இமை. தலைத்தோல் கனமானது, தாங்கிக்கொண்டது. அலசிய தண்ணீர் வழிந்த இமை தாங்கவில்லை. அம்மாவின் செவ்வாய் தோஷம் இதுதான். மூன்று வாரத்துக்கு ஒரு முறை நானே கொளுத்தி, தினமும் க்ரீம் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

அந்தப் பெண்ணிடம் ஆய்வகத் தாளைக் காட்டினேன். சண்டைக்குத் தயாராகப் போனேன், ஆனால் அவர் அழுதுவிட்டார். க்ரீமை அவர் காய்ச்சுவதே இல்லையாம், வெளியூரிலிருந்து பெரிய வாளியில் வருகிறது, இவர் டப்பாவில் அடைத்து விற்கிறார். அவர் கன்னத்திலும் அதே பளபளப்பு, அதே நூல் நரம்பு. பவுடருக்கு மேலேயே தெரிந்தது. வாளி யார் அனுப்புவது என்று மட்டும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரமே விற்பனை தொடர்ந்தது என்பதால் என் இரக்கமும் அத்தோடு முடிந்தது. அக்கா இன்றைக்கும், "உனக்கு ஒத்துக்கலைன்னா எல்லாருக்குமா ஒத்துக்காது?" என்கிறார். ஒத்துக்கொண்டதுதான் பிரச்சினை என்று சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. பேத்தியின் டப்பாவை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பில் இல்லை என்பது அங்கே பெரிய ஓட்டையாக நிற்கிறது. பில் இருந்தால், மருந்து மற்றும் அழகுசாதனச் சட்டத்தின் 26-வது பிரிவுப்படி வாங்கியவரே கட்டணம் கட்டி அரசு பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கக் கொடுக்கலாம். இப்போது என்னிடம் ஜி-பே ரசீதுகள் மட்டும் இருக்கின்றன, அதையும் இணைத்திருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915. மருந்தால் வந்த பக்கவிளைவைப் பதிவு செய்ய 1800-180-3024, காசில்லை.

தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், தேதி இந்த நாலும் இல்லாத டப்பாவை வாங்காதீர்கள், விற்பவர் சொந்த அக்காவாக இருந்தாலும். ஏற்கெனவே தடவிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்த வேகத்தில் இன்றைக்கே நிறுத்திவிட்டு என்னைப் போல நாலாம் நாள் அவதிப்படாதீர்கள். டப்பாவைக் கழுவாமல், அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து, தோல் டாக்டரிடம் எடுத்துப் போங்கள். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்லட்டும். கண்ணுக்குப் பக்கத்தில் மாதக்கணக்கில் தடவியிருந்தால் கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், பார்வை நன்றாகத் தெரிந்தாலும்.

என் மீசை இப்போது முக்கால்வாசி வெள்ளை. பேத்தியின் டப்பா பீரோவில், பாலிதீன் பையில் கட்டி, தேதி எழுதி இருக்கிறது. ஆய்வாளர் வந்து கேட்டால் கொடுக்க.