வங்குரோத்து மனுவுக்கு முன்: மட்டக்களப்பில் ஒரு கடன் ஆலோசனை நிலையம்

2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இலங்கை நிறுத்தி வைத்ததிலிருந்து கடனைக் கட்ட முடியாத நிலையைக் குறிக்கும் ‘வங்குரோத்து’ என்ற சொல், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரைக் கிராமங்களிலும் அன்றாடப் பேச்சில் புகுந்துவிட்டது. நாடே கைவிரிக்கலாம் என்றால் தானும் ஒரு மனுவைக் கொடுத்துக் கடன்களிலிருந்து விடுபடலாமே என்று என் அக்கா உறுதியாக நம்பினார். வெல்லாவெளிப் பக்கத்தில் வயல் செய்யும் குடும்பம் அவருடையது. இரண்டு பெரும்போகங்கள் வெள்ளத்தோடு போய்விட்டன. மட்டக்களப்பு நகரில் கடனாளிகளுக்கு இலவசமாகச் சட்ட ஆலோசனை வழங்கும் சிறிய நிலையம் ஒன்றுக்கு அவரை அழைத்துச் சென்றேன். அதே நெருக்கடியில் இருப்பவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் அங்கே கண்டதை எழுதுகிறேன்.

அங்கிருந்த பெண் சட்டத்தரணி மொத்தக் கடன் எவ்வளவு என்று முதலில் கேட்கவில்லை. கொண்டுவந்த கடதாசிகள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பச் சொல்லி, ஒவ்வொன்றையும் வாசித்து வகை பிரித்தார். வங்கியில் அடகு வைத்த நகை ஒருபுறம். கிழமைக்கு ஒருமுறை கட்டும் இரண்டு நுண்நிதிக் கடன்கள் ஒருபுறம். லீசிங்கில் எடுத்த கை உழவு இயந்திரம் இன்னொருபுறம். கடைசியில், வளவுக் காணிக்காக ஒரு வியாபாரியிடம் கையெழுத்திட்ட உறுதிப் பத்திரத்தை எடுத்து இரண்டு தடவை வாசித்தார். “இது ஈடு எண்டு நினைச்சா கையெழுத்து வெச்சீங்க அம்மா?” என்று அவர் கேட்டபோது அக்காவிடம் பதில் இல்லை. அது காணியை அடமானம் வைக்கும் ஈட்டு முறி அல்ல, காணியின் உரிமையையே வியாபாரிக்கு மாற்றி, குறிப்பிட்ட காலத்துக்குள் பணத்தைக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு எழுதப்பட்ட கைமாற்ற உறுதி என்பதை அக்கா அன்றுதான் அறிந்தார். எங்கள் பகுதியில் எத்தனை பேர் இப்படித் தெரியாமல் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்பதை நினைக்க மனம் பதறுகிறது.

வங்குரோத்து பற்றி அவர் தந்த விளக்கம் நேர்மையாக இருந்தது. தனிநபருக்கான சட்டம் 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். மனு மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட வேண்டும். கடன்கள் மட்டுமன்றிச் சொத்துகளும் ஒன்றுவிடாமல் வெளிப்படுத்தப்பட வேண்டும். அவற்றைப் பொறுப்பேற்க ஒருவர் நியமிக்கப்படுவார், விற்று வரும் பணம் கடன்கொடுத்தோருக்குப் பங்கிடப்படும். கடன்களிலிருந்து விடுவிக்க இறுதியில் வழங்கப்படும் சான்றிதழிலும் மூன்று வகுப்புகள் உண்டு; கடன் தவிர்க்க முடியாத நட்டத்தால் நேர்ந்ததா, கவலையீனத்தால் நேர்ந்ததா என்பதை நீதிமன்றம் நிறுத்துப் பார்க்கும். அடகில் உள்ள நகையை இந்த மனு மீட்டுத் தராது. லீசிங் முடியும்வரை இயந்திரம் நிதி நிறுவனத்துக்கே உரியது. குழுவாக எடுத்த நுண்நிதிக் கடனில் அக்காவுக்காகப் பிணை நின்ற பக்கத்து வீட்டுப் பெண்களின் பொறுப்பும் தீராது. இந்தக் கடைசி விடயத்தைக் கேட்டதும் அக்கா மனு யோசனையைத் தாமாகவே கைவிட்டார்.

மனு வேண்டாம் என்று சொல்லி எங்களைத் திருப்பி அனுப்பிவிடாமல், காணிக்கு வேறு வழி இருப்பதைக் காட்டியதுதான் இந்த நிலையத்தின் பெரிய பெறுமதி. 1941ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அமைந்த கடன் இணக்கச் சபை, காணி ஈட்டின் பேரிலும் இத்தகைய நிபந்தனைக் கைமாற்றத்தின் பேரிலும் பட்ட கடன்களை இரு தரப்பையும் அழைத்துப் பேசித் தவணை முறையில் தீர்க்க முயலும் அமைப்பு. ஆனால் மீட்கும் காலம் முடிவதற்கு முன்பே விண்ணப்பம் சேர வேண்டும். அது கடந்துவிட்டால் கதவு மூடிவிடும். லீசிங் நிறுவனத்தோடு உள்ள தகராறுக்கு மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம் என்றும், வழக்கு என்று வந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்தை நாடலாம் என்றும் எழுதித் தந்தார்கள்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். காத்திருக்கும் இடத்துக்கும் ஆலோசனை மேசைக்கும் இடையே ஒரு திரைச்சீலைகூட இல்லை. ஒருவருடைய கடன் கதை வரிசையில் இருக்கும் இருபது பேருக்கும் கேட்கிறது. எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு பெண் தன் முறை வந்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். கடன் என்பது நம் ஊரில் மானப் பிரச்சினை என்பதை அறிந்தவர்கள் முதலில் ஒரு தனி அறையை ஒதுக்கியிருக்க வேண்டும். கையில் தரும் துண்டுப் பிரசுரத்தின் தமிழும் கடுமையானது; சட்டத்தரணியின் வாய்மொழி விளக்கம் இல்லாமல் அக்காவுக்கு அது பயன்பட்டிருக்காது. வேலைநாட்களில் மட்டும் திறப்பதால், விடியமுன் பஸ் ஏறி வரும் கூலித் தொழிலாளிக்கு ஒருநாள் சம்பளம் போகிறது.

போகிறவர்கள் உறுதியின் பிரதி, அடகுச் சீட்டு, லீசிங் ஒப்பந்தம், கிழமைக் கட்டுக் கொப்பி ஆகிய அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். அடகுச் சீட்டொன்றை வீட்டில் விட்டுவிட்டுப் போனதால் நாங்கள் இரண்டு தடவை அலைய நேர்ந்தது. இரண்டாம் நாள் மாலையில் கடன் இணக்கச் சபைக்கான விண்ணப்பத்தை அவர்களே தட்டச்சுச் செய்து, அக்காவுக்கு வரிவரியாக வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கினார்கள். அன்றே பதிவுத் தபாலில் அனுப்பினோம். காணியை மீட்கும் தவணைக்கு அப்போது ஏழு கிழமைகள் மீதம் இருந்தன.