டைனோசர் அப்புறம், முதலில் இரும்பு

நியூயார்க்கில் இருக்கும் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போகிற நம் ஊர்க்காரர்கள் பலரும் நேராக டைனோசர் மாடிக்குத்தான் ஓடுகிறார்கள். கீழே விண்கல் அரங்கு ஒன்று இருக்கிறது, அங்கே முதலில் போங்கள் என்பேன். பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஸ்டீல் மில் லேபில் இருந்து ரிட்டையர் ஆனவன் வேறென்ன சொல்வான் என்பீர்கள். சரி, இருக்கட்டும்.

நடுநாயகமாகக் கிடப்பது அஹ்னிகிட்டோ. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கிரீன்லாந்தின் கேப் யார்க் பக்கம் விழுந்த இரும்பு விண்கல்லின் ஒரு துண்டு. 34 டன் என்கிறார்கள். அது அமெரிக்க டன், ஒன்றுக்கு 907 கிலோதான். நம்மூர் எடைமேடையில் ஏற்றினால் 31 டன்னுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். அந்தப் பாரத்தைத் தாங்கும் கால்களைக் கட்டடத்துக்கு அடியில் இருக்கும் பாறை வரை இறக்கியிருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டியெல்லாம் கிடையாது, தாராளமாகத் தொட்டுப் பார்க்கலாம். தொட்டால் நம் இரும்புதான், ஜில்லென்று இருக்கிறது.

இதோடு விழுந்த சின்னத் துண்டுகள் இரண்டும் பக்கத்திலேயே இருக்கின்றன. அந்தப் பனிப்பிரதேசத்துப் பழங்குடிகளான இன்யூட் மக்கள் உலையே இல்லாமல், பாசால்ட் என்ற எரிமலைக் கல்லால் பச்சையாகத் தட்டித் தட்டிச் சில்லு பெயர்த்து, கத்திக்கும் ஈட்டிக்கும் முனை செய்துகொண்டது இந்த இரும்பில்தான். துருவப் பயணி ராபர்ட் பியரி 1897இல் பெரிய கல்லைக் கப்பலேற்றினார். பிறகு அது மியூசியத்துக்கு விற்கப்பட்டது. அதே கப்பலில் ஆறு இன்யூட் ஆட்களும் வந்தார்கள். நான்கு பேர் சில மாதங்களிலேயே இறந்துபோனார்கள். அவர்களுடைய எலும்புகள் 1993இல்தான் ஊர் திரும்பின. கல்லை மெச்சுகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு மெச்சட்டும்.

நான் அதிக நேரம் நின்றது பெரிய கல்லிடம் இல்லை, அறுத்துப் பாலிஷ் போட்டு வைத்திருக்கும் தகடுகளிடம். மில்லில் பில்லெட்டில், அதாவது வார்த்தெடுத்த இரும்புக் கட்டையில், ஒரு துண்டு அறுப்போம், எமரி பேப்பரில் தேய்ப்போம், கண்ணாடி மாதிரி ஆனதும் நைட்டலில், அதாவது நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலில், முக்கி எடுப்போம். அப்புறம் மைக்ரோஸ்கோப்பில் வைத்தால்தான் உள்ளே இருக்கும் மணிகள் தெரியும். விண்கல்லுக்கும் இதே வைத்தியம்தான், ஆனால் மைக்ரோஸ்கோப் வேண்டாம். மூக்குக் கண்ணாடி போதும். பட்டை பட்டையாகக் கோடுகள் ஒன்றையொன்று சாய்வாக வெட்டிக்கொண்டு, கோரைப்பாய்ப் பின்னல் போல் ஓடுகின்றன. விட்மன்ஸ்டாட்டன் கோலம் என்று பெயர். வியன்னாவில் 1808இல் அதைக் கவனித்தவரின் பெயர்.

விண்கல் இரும்பில் நிக்கலும் கலந்திருக்கும். அகலப் பட்டை நிக்கல் குறைந்த காமசைட், ஓரத்தில் மின்னும் மெல்லிய கோடு நிக்கல் கூடிய டேனைட். உருகிய இரும்பு கெட்டியான பிறகு உள்ளுக்குள்ளேயே நிக்கல் அணுக்கள் நகர்ந்து இப்படிப் பிரிய வேண்டும். அதற்கு வேண்டியது அவகாசம். நாம் டிஎம்டி கம்பிக்குத் தண்ணீர் அடித்து நொடிகளில் மேல்தோலை ஆற வைக்கிறோம். இந்த இரும்போ ஏதோ ஒரு குட்டிக் கோளின் வயிற்றுக்குள் கிடந்து, பத்து லட்சம் வருஷத்துக்குச் சில டிகிரி, மிஞ்சினால் சில ஆயிரம் டிகிரி என்ற வேகத்தில் ஆறியது. எந்த ஃபர்னஸ்காரனாலும் போட முடியாத ஹீட் ட்ரீட்மென்ட். எல்லா இரும்பு விண்கல்லிலும் இந்தக் கோலம் வராது; நிக்கல் ரொம்பக் குறைந்தாலும் ரொம்பக் கூடினாலும் தகடு மொட்டையாகவே இருக்கும்.

"அப்புச்சி, போதும் வாங்க" என்று பேரன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். குழந்தைகளோடு போகிறவர்கள் ஒருவரை டைனோசர் டியூட்டிக்கு ஒதுக்கிவிடுவது நல்லது.

கோளரங்கம் இருக்கும் பக்கம் விலாமெட் என்று இன்னொன்று, 15.5 டன். ஓரிகன் காட்டில் மழைத் தண்ணீர் பட்டு அரித்ததில் குழந்தை உட்காரும் அளவுக்குப் பள்ளங்கள். 1902இல் ஒருவர் அதைப் பக்கத்து நிலத்திலிருந்து ரகசியமாகத் தன் இடத்துக்கு நகர்த்தினார். நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒரு இரும்புக் கம்பெனி. வழக்குப் போட்டு ஜெயித்தது. ஆனால் அது கிளாக்கமஸ் பழங்குடியினருக்குப் புனிதக் கல். அவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை வந்து வழிபட 2000இல் ஒப்பந்தமே போட்டிருக்கிறார்கள்.

டிக்கெட் விஷயம்: நியூயார்க், நியூஜெர்சி, கனெக்டிகட்வாசிகள் விருப்பப்பட்ட தொகை கொடுக்கலாம். மகளும் மருமகனும் ஜெர்சிக்காரர்கள் என்பதால் தப்பித்தார்கள். கொழிஞ்சாம்பாறைக்காரனான எனக்கு முழு டிக்கெட்தான்.