குரூப் 4, நைட் ஷிப்ட், பி.எட்.: எது சீக்கிரம் பதில் சொல்லும்?

போன ஜூனில் சித்தி பையன் வீட்டுக்கு வந்தான். பி.எஸ்சி. கணிதம் முடித்து ரிசல்ட்டும் கைக்கு வந்துவிட்டது. சாப்பிட்டு முடிக்கிறவரை வாயே திறக்கவில்லை. அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும், "அடுத்து என்ன பண்றதுன்னே தெரியலண்ணே" என்றான். சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. அரசு எழுத்தர் வேலைக்கான குரூப் 4 தேர்வு, பேங்க், பி.எட்., எம்.பி.ஏ., சென்னையில் ஏதாவது வேலை என்று ஐந்து வரி. ஒவ்வொன்றுக்கும் நேரே அதைச் சொன்னது யார் என்று குறித்திருந்தான். அப்பா, டியூஷன் சார், பெரியம்மா, சீனியர். ஐந்தில் எதற்கு நேராகவும் 'நான்' என்று இல்லை.

சம்பளம், பாதுகாப்பு, பென்ஷன் என்று ஒப்பிட்டால் இந்த ஐந்தும் எங்கும் போய்ச் சேராது. அந்தக் கணக்கை அவனுக்குச் சொல்லிவிட்டவர்கள் நிறைய. நான் ஒரு கேள்வியை மட்டும் சேர்த்தேன்: இது எனக்கு ஆகுமா ஆகாதா என்பது எத்தனை மாதத்தில் தெரியும்? இதை நான் கற்றுக்கொள்ள இரண்டு வருடம் ஆனது என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டியிருந்தது.

நான் 2021-ல் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தேன். கொரோனா பேட்ச். கடைசி செமஸ்டர் தேர்வை வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுதினவன். முடித்ததும் மறுயோசனை இல்லாமல் குரூப் 4. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை பள்ளிப் புத்தகங்களைப் பழைய விலைக்கு வாங்கி, காலை ஒன்பது மணிக்கு மாவட்ட மைய நூலகத்தில் இடம் பிடித்துவிடுவேன். பத்து நிமிடம் தாமதித்தால் மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்காது. அங்கே வந்த இருபது முப்பது பேரில் பாதிக்கு மேல் பட்டதாரிகள். பத்தாம் வகுப்புத் தகுதிக்கான தேர்வுக்கு எம்.எஸ்சி. படித்தவர்கள் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் அடிக்கோடு போட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் தேர்வைத்தான் காணோம். 2019 செப்டம்பருக்குப் பிறகு குரூப் 4 நடக்கவே இல்லை. அறிவிப்பு வந்தது 2022 மார்ச் 30-ல். தேர்வு ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை. ஏறக்குறைய 18 லட்சம் பேர் எழுதினார்கள். முதலில் அறிவித்த இடங்கள் 7,301, பின்னால் பத்தாயிரத்தைத் தாண்டியது. கூட்டிய கணக்கை வைத்தாலும் ஒரு நாற்காலிக்கு 180 பேர். ரிசல்ட் 2023 மார்ச் 24-ல். எழுதி முழுசாக எட்டு மாதம். ஆக, கல்லூரி முடிந்து ஏறத்தாழ இரண்டு வருடம் கழித்துத்தான் 'உனக்கு இல்லை' என்ற பதில் எனக்கு வந்தது. அதுவும் இந்த முறை இல்லை என்று மட்டும். அடுத்த முறை பற்றி அந்தத் தாள் ஒன்றும் சொல்லாது.

நியாயமாகச் சொன்னால் அதற்குப் பிறகு நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது. 2024-ல் ஜூன் 9 தேர்வு, அக்டோபர் 28-லேயே ரிசல்ட். 2025-லும் ஜூலையில் நடந்துவிட்டது, ஆனால் அறிவித்த இடம் 3,935-தான், விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கு மேல். சம்பளம் குறை சொல்லும்படி இல்லை. இளநிலை உதவியாளருக்கு அடிப்படை 19,500, அகவிலைப்படியும் மற்றதும் சேர்ந்தால் பிடித்தத்துக்கு முன் முப்பதாயிரம் தாண்டும். சொந்த ஊர்ப் பக்கமே வேலை, தமிழிலேயே எழுதலாம், தப்பான விடைக்கு மைனஸ் கிடையாது. எங்கள் ஊரில் இதைவிட நல்ல வேலை எது என்று கேட்டால் எனக்கும் சட்டென்று சொல்லத் தெரியாது.

சிக்கல் தேர்வில் இல்லை, காத்திருப்பு கொடுக்கும் சௌகரியத்தில் இருக்கிறது. கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காரும்போது பக்கத்து இலைக்காரர், "தம்பி என்ன பண்றீங்க?" என்பார். "குரூப் எக்ஸாமுக்குப் படிக்கிறேன் மாமா" என்றால் போதும், பாயசம் வரும்வரை தொந்தரவு இல்லை. சும்மா இருக்கிறேன் என்று சொல்லாமல் சும்மா இருக்கக் கிடைத்த மரியாதையான சொல் அது. அப்புறம் வயது. பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, ஆதிதிராவிடர் வகுப்புப் பட்டதாரிகளுக்கு இந்தத் தேர்வில் பெரும்பாலான பதவிகளுக்கு உச்ச வயது வரம்பு இடிக்காது. சலுகை நல்ல சலுகைதான். ஆனால் மூடாத கதவு முன்னால் நிற்கிறவனுக்கு எப்போது திரும்பிப் போவது என்று தெரிவதில்லை. எங்கள் நூலகத்தில் 'அண்ணாச்சி' என்று எல்லோரும் கூப்பிட்ட ஒருவருக்கு அப்போதே முப்பத்தெட்டு.

பேங்க் தேர்வு இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ். வருடத் தொடக்கத்திலேயே காலண்டர் போட்டுவிடும். கிளார்க்குக்கு முதல்நிலை, முதன்மை இரண்டுதான், நேர்காணல் கிடையாது. ஒரு வருடச் சுற்றுக்குள் ஆமா, இல்லை தெரிந்துவிடும். உச்ச வயது 28, ஓ.பி.சி.க்கு மூன்று வருடம் கூடுதல். குரூப் 4-ல் 200 கேள்விக்கு மூன்று மணி நேரம். இங்கே முதல்நிலையில் 100 கேள்விக்கு ஒரே மணி நேரம், அதில் கணக்கு 35-க்கு இருபது நிமிடம், தப்பானால் கால் மதிப்பெண் போகும். ஆங்கிலத்துக்குத் தனிப் பகுதி உண்டு. எங்கள் பக்கத்துப் பையன்கள் பாதிப் பேர் அதைப் பார்த்துத்தான் ஒதுங்குகிறார்கள். ஆனாலும் கணக்கு கைவந்தவனுக்கு மூன்று மாதப் பயிற்சியில், வீட்டில் கடிகாரம் வைத்துப் போட்டுப் பார்த்தாலே நிலவரம் புரிந்துவிடும். நான் போட்டுப் பார்த்தேன், 35-ல் 14. எனக்குப் புரிந்துவிட்டது. குரூப் 4-ல் இப்படி வீட்டிலேயே புரிந்துகொள்ள வழியில்லை. எல்லோரும் 150-க்கு மேல் போடுகிறார்கள், 170-ஆ 175-ஆ என்பதில்தான் வாழ்க்கை.

அந்த ஜூலை 24 தேர்வில் ஒரு சங்கதி இன்னும் மறக்கவில்லை. குரூப் 4-ஐ நடத்தும் டி.என்.பி.எஸ்.சி.யின் விடைத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் ஏ, பி, சி, டி-யோடு ஈ என்று ஐந்தாவது வட்டம் உண்டு. அதற்கு அர்த்தம் 'விடை தெரியவில்லை'. தெரியாவிட்டால் அதைக் கருப்பாக்கியாக வேண்டும், வெறுமனே விட்டால் மதிப்பெண் குறைப்பார்கள். கடைசியில் எத்தனை ஏ, எத்தனை பி, எத்தனை ஈ என்று எண்ணி எழுத வேறு வேண்டும். நான் எண்ணினபோது ஈ ஒன்பது இருந்தது. மூன்று மணி நேரத்துக்கு ஒன்பது முறை 'தெரியவில்லை' என்று கையெழுத்துப் போடுகிறவன், அதற்கு முந்தின ஒரு வருடத்தில் வீட்டில் ஒரு முறைகூட அதைச் சொல்லவில்லையே என்று பேருந்தில் திரும்பும்போது தோன்றியது.

ரிசல்ட்டுக்குக் காத்திருந்த எட்டு மாதத்தில் ஐந்து மாதத்தை வெட்டியாகக் கழித்துவிட்டு, 2023 ஜனவரியில் சென்னைக்கு ரயில் ஏறினேன். சீனியர் ஒருவர் சொல்லித்தான் போனேன். வேலையின் பெயர் ஏ.ஆர். காலிங். அமெரிக்காவில் ஒரு ஆஸ்பத்திரி நோயாளிக்கு வைத்தியம் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு பில் அனுப்பும், பணம் வராது. ஏன் வரவில்லை என்று அந்த இன்சூரன்ஸ்காரனுக்கு இங்கிருந்து போன் போட்டுக் கேட்பதுதான் வேலை. நம் ஊரில் பி.எஸ்சி. எதைப் படித்திருந்தாலும் எடுத்துக்கொள்கிறார்கள், ஆங்கிலம் ஓரளவு பேசினால் சரி. அங்கே கிழக்குக் கரையில் காலை எட்டு மணி என்றால் நமக்குச் சாயங்காலம் ஆறரை. மார்ச்சில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிவிட்டால் ஐந்தரை. சோழிங்கநல்லூரில் ஏழாவது மாடியில் வேலை பார்த்த என் தூக்கமும் அமெரிக்கக் கடிகாரத்தோடு சேர்ந்து நகர்ந்தது.

போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், பேனா பேப்பர்கூடக் கூடாது, நோயாளி விவரம் வெளியே போகக் கூடாதாம். முதலில் ஒரு ரோபோ பேசும். அதைத் தாண்டினால் ஹோல்டு, இசை. ஒரு நாள் 47 நிமிடம் ஒரே பியானோவைக் கேட்டேன். அப்புறம் ஒரு அம்மாள் வந்து நோயாளியின் பிறந்த தேதி பொருந்தவில்லை என்பார், அல்லது முன் அனுமதி வாங்கவில்லை என்பார், அல்லது பில் அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்பார். அவர்கள் அரசாங்கத்தின் மெடிகேருக்கே கெடு ஒரு வருடம்தான். கைக்கு வந்த முதல் சம்பளம் 13,600. மூன்று பேர் தங்கும் அறைக்குச் சாப்பாட்டோடு 6,500 போனது. குரூப் 4 முப்பதாயிரத்தோடு இதை ஒப்பிட்டு அப்பா ஒரு வாரம் பேசவில்லை.

ஒப்பீடு அங்கேதான் தப்பாகிறது. முப்பதாயிரம் இன்னும் வராத பணம், 13,600 வந்த பணம். அதைவிட முக்கியம், இந்த வேலை எனக்கு ஆகாது என்பது மூன்றாவது மாதத்திலேயே தெரிந்துவிட்டது. போனில் பேசுவது எனக்கு வரவில்லை, ராத்திரி சாப்பாடு செரிக்கவில்லை. ஆனால் இன்னொன்றும் தெரிந்தது. எந்தக் காரணத்துக்கு எத்தனை பில் திரும்பி வருகிறது என்று எக்செல்லில் பிவட் அட்டவணை போட்டு வைப்பேன், யாரும் கேட்காமலே. டீம் லீடர் பார்த்துவிட்டு ரிப்போர்ட் எடுக்கும் குழுவுக்கு மாற்றினார். இப்போது அதில்தான் இருக்கிறேன், பகல் ஷிப்ட். எனக்கு அட்டவணை பிடிக்கும் என்பதை மூன்று வருட இயற்பியலும் சொல்லவில்லை, நூலகமும் சொல்லவில்லை. குரூப் 4 ரிசல்ட் வந்த அன்று மதியம் நான் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தேன். எழுந்து பார்த்தேன், நம்பர் இல்லை, பல் தேய்க்கப் போனேன்.

பி.எட். பற்றி சித்தி பையனின் பெரியம்மா சொன்னது: "எப்பவும் கைகொடுக்கும்." எனக்கு இதில் சம்மதமில்லை. பி.எட். இப்போது இரண்டு வருடம். அப்புறம் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு, 150-க்குப் பொதுப்பிரிவில் 90 எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் அது 2013-க்குப் பிறகு 2017, 2019, 2022 என்று இடைவெளி விட்டே வந்தது. அதில் தேறினாலும் அரசுப் பள்ளிக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு என்று 2018-ல் அரசாணை போட்டுவிட்டார்கள். ஐந்து வழிகளில் பதில் மெதுவாக வருவது இதில்தான். பிள்ளைகள் முன்னால் நிற்கப் பிடிக்கும் என்று ஏற்கெனவே தெரிந்தவன் போகட்டும். அது தெரியாதவன் முதலில் பக்கத்து மெட்ரிக் பள்ளியிலோ டியூஷன் சென்டரிலோ ஒரு டெர்ம் பாடம் எடுத்துப் பார்த்துவிடலாம், ஒரு பைசா செலவில்லை.

எம்.பி.ஏ.வுக்கு ஒரு பத்தி போதும். டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி நல்ல அரசுக் கல்லூரி கிடைத்தால் யோசிக்கலாம். இல்லாவிட்டால் இரண்டு வருடம் கழித்து இதே கேள்வி கல்விக் கடனோடு சேர்ந்து வரும். படிப்பு முடிந்து ஒரு வருடம் தவணை கேட்க மாட்டார்கள் என்பார்கள், வட்டி மட்டும் கேட்காமலே ஏறிக்கொண்டிருக்கும்.

(தாளில் இல்லாத ஒன்று: வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு. போட்டு வைக்கலாம். ஐந்து வருடம் காத்திருந்தால் சாதாரணப் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு. எங்கள் தாத்தா இதை ஒரு 'வழி' என்றே சொல்வார்.)

இதையெல்லாம் கேட்டுவிட்டு சித்தி பையன் சரியான இடத்தில் பிடித்தான். "அப்ப உங்ககூட லைப்ரரில படிச்ச அண்ணன்?" ஆமாம், அவன் இருக்கிறான். என் பக்கத்து நாற்காலி. 2022-ல் எனக்கும் அவனுக்கும் நாலு கேள்விதான் வித்தியாசம். நான் ரயில் ஏறினேன், அவன் ஏறவில்லை. 2024-ல் எழுதித் தேறி இன்று தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளர். கல்லூரி முடிந்து நான்கு வருடம். அவன் அம்மா தையல் மிஷின் மிதித்து அந்த நான்கு வருடத்தைத் தாங்கினார். அவனுக்கு அந்த வேலை உண்மையிலேயே பிடித்திருக்கிறது, போன் போட்டால் பட்டா மாறுதல் கதையாகச் சொல்வான். நான் சொன்ன அளவுகோல்படி அவன் எடுத்தது ஆக மோசமான முடிவு. பலித்துவிட்டது. அந்த நூலகத்து இருபது முப்பது பேரில் பலித்த இன்னொருவரை எனக்குத் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். அண்ணாச்சி இன்னும் வருகிறாராம், இடம் மட்டும் ஜன்னல் பக்கம் மாறிவிட்டது.

ராத்திரி சித்தி பையன் தாளை விரித்து ஒவ்வொரு வரிக்கும் நேராக ஒரு மாதம் எழுதினான். பேங்க், அடுத்த ஏப்ரல். சென்னை வேலை, மூன்று மாதம். பி.எட்.டுக்கு நேராகக் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு அடித்துவிட்டான். குரூப் 4-க்கு நேராக எழுதாமல் விட்டான், நானும் கேட்கவில்லை.

போன வாரம் சித்தி போன் போட்டார். திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில்லில் கணக்குப் பிரிவில் டிரெய்னியாகச் சேர்ந்திருக்கிறானாம், 12,000. காலையில் மில் பஸ்ஸில் போகிறான், ராத்திரி கடிகாரம் வைத்துக் கணக்குப் போடுகிறான். இப்போது 35-ல் 26. "பையில ஆறாங்கிளாஸ் தமிழ்ப் புத்தகமும் வச்சிருக்கான், எதுக்குடான்னா இருக்கட்டும்மாங்கிறான்" என்றார் சித்தி.