ஆர்வோ பேர்ட்டின் ‘டாபுலா ராசா’ சீடி: ஃபானை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்

தொரொண்டோவிலிருந்து லீவில் வந்த மச்சாள் கொண்டுவந்து தந்த சீடி இது, இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட் எழுதிய மேற்கத்திய சாஸ்திரிய இசை. ஈசிஎம் என்ற இசைத்தட்டு நிறுவனம் 1984இல் வெளியிட்டது, அவர்களுடைய நியூ சீரிஸ் வரிசை இதில்தான் தொடங்கியது. நாலு உருப்படிகள், எல்லாமாக ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு.

முதல் தடவை மத்தியானம் மூன்று மணிக்குப் போட்டேன். திருகோணமலை வெக்கை, ஃபான் முழு வேகத்தில் ஓடுகிறது, ரோட்டில் ஓட்டோக்கள். பாதி இசை காதில் விழவே இல்லை. இரவு பதினொன்றுக்கு ஃபானை நிறுத்தி, வியர்த்தாலும் பரவாயில்லை என்று மறுபடி போட்டபோதுதான் கையில் இருப்பது என்ன என்று தெரிந்தது.

இரண்டாவதாக வரும் ‘காண்டஸ்’ ஐந்து நிமிடம்தான். 1976 டிசம்பரில் இறந்த ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனுக்கு அஞ்சலி. ஒற்றை மணி அடிக்கிறது, வயலின்களிலிருந்து மிகத் தாழ்ந்த ஒலியுள்ள டபுள் பேஸ் வரை எல்லாத் தந்தி வாத்தியங்களும் ஒரே ஸ்வரவரிசையை வேறு வேறு வேகத்தில் இறக்கிக்கொண்டே வருகின்றன. கடைசியில் தந்திகள் சட்டென்று நின்ற பிறகு, மணியின் ரீங்காரம் மட்டும் தனியாக மிஞ்சும். கோணேசர் கோயிலில் மணி அடித்து ஓய்ந்த பிறகும் காற்றில் கொஞ்ச நேரம் ஏதோ நிற்குமே, அதேதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பேர்ட் 1935இல் எஸ்தோனியாவில் பிறந்தவர், வானொலியில் ஒலிப்பதிவாளராக வேலை பார்த்தவர். 1968இல் ‘கிரெடோ’ என்ற படைப்பில் கிறிஸ்துவை நம்புகிறேன் என்று பாடவைத்ததற்குச் சோவியத் அதிகாரிகள் கோபப்பட்டார்கள். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட எட்டு வருஷம் மிகக் கொஞ்சமாகத்தான் எழுதினார், பழைய தேவாலயப் பாடல்களைப் படித்துக்கொண்டிருந்தார். 1976இல் புது முறையோடு திரும்பி வந்தார், ‘டின்டினாபுலி’, சின்ன மணிகள் என்று பொருள். ஒரு குரல் ஸ்வரங்களில் படிப்படியாக நடக்கும், இன்னொன்று மூன்றே மூன்று ஸ்வரங்களை விட்டு விலகாமல் மணிபோலக் கூடவே ஒலிக்கும். சுருதிப் பெட்டியோடு வளர்ந்த காதுக்கு இது அந்நியமாகவே இல்லை. தம்புராவும் இதுவும் ஒன்றல்ல, ஆனால் மாறாத ஒன்றின் மேல் சாய்ந்துகொண்டு பாடும் நிம்மதி இரண்டிலும் இருக்கிறது. மேற்கத்திய சாஸ்திரிய இசை நமக்கு ஒத்துவராது என்பவர்களிடம் இதைத்தான் நான் கொடுப்பேன்.

குறையும் உண்டு. ‘ஃப்ராட்ரெஸ்’ இரண்டு தடவை வருகிறது. முதலில் கிடோன் கிரேமரின் வயலினும் கீத் ஜாரெட்டின் பியானோவும், அது உயிரை உலுக்கும். பிறகு பன்னிரண்டு செல்லோக்கள், அழகுதான், ஆனாலும் ஒரே இருப்பில் இரண்டையும் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் அலுத்தது. ஒலியும் இடைக்கிடை மிகத் தாழ்ந்துபோகும். டவுனில் வாங்கிய என் மலிவு ஸ்பீக்கரில் அந்த இடங்களில் வெறும் இரைச்சல்தான், ஹெட்ஃபோன் போட்ட பிறகே சரி வந்தது.

கடைசி உருப்படிதான் ‘டாபுலா ராசா’, 26 நிமிடம், 1977இல் மேடையில் பதிவானது. இரண்டு வயலின்கள், ஒரு சின்ன இசைக்குழு, அப்புறம் தந்திகளுக்கிடையே பொருட்களைச் செருகி மணிபோல ஒலிக்கவைத்த பியானோ. அதை வாசிப்பவர் இன்னொரு பெரிய இசையமைப்பாளரான ஆல்ஃபிரட் ஷ்னிட்கே. இரண்டாம் பகுதியின் பெயர் ‘சிலென்சியம்’, மௌனம். முடிவில் டபுள் பேஸ் கீழே கீழே இறங்கி, போய்ச் சேரவேண்டிய கடைசி ஸ்வரத்தை வாசிக்காமலே நின்றுவிடுகிறது. அந்த ஸ்வரத்துக்காகக் காத்திருந்தேன், டச்சுக்குடா அலைச் சத்தம்தான் கேட்டது.