மதிய பஃபேயா, இரவு ஆர்டரா: புது இந்திய உணவகத்துக்கு முதல் தடவை எப்போது போவது?

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் இந்திய உணவகம் திறந்து மூன்று மாதம் ஆகிறது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. திறந்த வாரமே தெரிந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். "முதல்ல மதியம் பஃபேக்குப் போங்க, எல்லாத்தையும் ஒரு வாய் பாத்துடலாம்" என்றது ஒரு கட்சி. "ராத்திரி போய் ஆர்டர் பண்ணிச் சாப்பிடுங்க, அப்பத்தான் கைப்பக்குவம் தெரியும்" என்றது இன்னொன்று.

நான் முதல் கட்சி சொன்னதைக் கேட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, மனைவி, மகள் என்று நான்கு பேராகப் போனோம். திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை. இனி இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று எல்லோருமே மனதுக்குள் முடிவு செய்திருந்தோம். பத்து நாள் கழித்து வீட்டில் அடுப்பு ரிப்பேர். வேறு வழியில்லாமல் அதே இடத்துக்கு இரவு எட்டு மணிக்குப் போனோம். சமையலறையில் எட்டிப் பார்த்தால் அதே ஆள்தான் கரண்டி பிடித்துக்கொண்டிருந்தார். சாப்பாடு மட்டும் மதியம் சாப்பிட்டதற்கு உறவே இல்லாதது மாதிரி இருந்தது. அதற்கப்புறம் இரண்டு தடவை பஃபே, மூன்று தடவை இரவு என்று மாற்றி மாற்றிப் போய்ப் பார்த்துவிட்டேன். நான் இப்போது இரவுக் கட்சி. சாய்வோடுதான் எழுதுகிறேன், அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

தெரிந்த விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். பஃபே மலிவு, ஒரு தலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும், காத்திருக்க வேண்டாம். இரவில் பில் ஏறும், பானம் தனி, இனிப்பு தனி, டிப்ஸ் வழக்கம் உள்ள நாடு என்றால் அதுவும் கூடும். சில கடைகளில் சோறுகூடத் தனிக் கணக்கு. இதில் வாதாட ஒன்றுமில்லை.

என்னைக் கட்சி மாற வைத்தது ஒரே ஒரு விஷயம்: அடுப்பிலிருந்து இறங்கிய உணவு தட்டுக்கு வர எவ்வளவு நேரமாகிறது என்பது. மெனு அட்டையைவிட, விலையைவிட, சமையல்காரர் எந்த ஊர்க்காரர் என்பதைவிட இதுதான் பெரிதாக இருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை நாங்கள் போனபோது மணி ஒன்றே முக்கால். மூடியைத் தூக்கியதும் பாலக் பனீர். பச்சையாக இருக்க வேண்டியது காக்கி நிறத்தில் இருந்தது. ட்ரேயின் ஓரத்தில் விரல் அகலத்துக்கு மசாலா காய்ந்து கோடு போட்டிருந்தது. மேலே எண்ணெய் தனியாக மிதந்தது. கீரை நிறம் மாறுவது யாரையும் ஏமாற்றுகிற வேலை அல்ல. கீரையின் பச்சையத்துக்குள் ஒரு மக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. சூடும் கொஞ்சம் புளிப்பும் சேர்ந்தால் அது கழன்றுகொள்ளும், நிறம் பழுப்புப் பக்கம் சாயும். தக்காளி சேர்ந்த கீரை என்றால் இன்னும் சீக்கிரம். ஆகவே பஃபேயில் பாலக்கின் நிறத்தைப் பார்த்தால் அது எத்தனை நேரமாக அங்கே இருக்கிறது என்று ஓரளவு கணக்குப் போட்டுவிடலாம். பத்து நாள் கழித்து இரவில் வந்த பாலக், தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்த மாதிரி பளீரென்று இருந்தது.

பனீருக்கும் இதே கதைதான். பனீர் சூட்டில் உருகாது, அதுதான் அதன் பெருமை. ஆனால் சூட்டிலேயே கிடந்தால் உள்ளே இருக்கும் நீர் வெளியேறி இறுகிக்கொண்டே போகும். மதியம் என் மகள் ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "அப்பா, இது அழிக்கிற ரப்பர்" என்றாள். ஒன்பது வயதுப் பிள்ளை, அவளுக்கு மரியாதைக்காகப் பொய் சொல்லத் தெரியாது.

நான் ரொட்டியைப் பற்றி ஒரு பத்தியே எழுத வேண்டும். அதைச் சுடும் மண் அடுப்பான தந்தூர் நன்றாகச் சூடேறினால் உள்ளே 400 டிகிரி செல்சியஸையும் தாண்டும். சுவரில் அறைந்த மாவு ஒன்றிரண்டு நிமிடத்தில் வெந்து, கொப்புளம் விட்டு, அங்கங்கே கருகி வெளியே வரும். அந்த நான் நன்றாக இருக்கும் ஆயுள் என் கணக்கில் ஐந்து நிமிடம். ஆற ஆற மாவுச்சத்து மறுபடி இறுகத் தொடங்குகிறது, அப்புறம் அது தோல். சரி, ஆறாமல் மூடி வைத்தால்? ஆவி அதன் மேலேயே இறங்கி நமத்துப் போகும். பஃபே மேசையில் நானுக்கு இந்த இரண்டு கதிதான், மூன்றாவது வழி கிடையாது. முக்கோணமாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்ததில் ஒன்றை அம்மா எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஏண்டா, இத நேத்தே துவைச்சுக் காயப் போட்டாங்களா?" என்றாள். சில கடைகளில் பஃபேக்கு வந்தாலும் நானை மட்டும் கேட்கக் கேட்கச் சுட்டு மேசைக்கே கொண்டுவருகிறார்கள். அப்படிப்பட்ட கடை என்றால் என் வாதத்தில் கால்வாசியைக் கழித்துக்கொள்ளலாம். போகும் முன் போனில் கேட்டுவிடுவது நல்லது.

பஜ்ஜி, பகோடா, சமோசா, வடை எல்லாமே மூடிக்கு அடியில் தோற்றுப்போகும். பொரித்ததும் ஆவியும் ஆகவே ஆகாது.

இது சுத்தம் பற்றிய புகார் இல்லை, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பஃபேயில் உணவைச் சூடாகவே வைத்திருக்க விதி இருக்கிறது. அமெரிக்காவின் உணவு விதித் தொகுப்பு 57 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது என்கிறது, பிரிட்டனில் 63 டிகிரி. கெட்டுப்போகாமல் காக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சூடு. கோளாறு என்னவென்றால், நம்மைக் காப்பாற்றுகிற அந்தச் சூடுதான் மணி நேரக் கணக்கில் பனீரையும் கீரையையும் மெல்ல மெல்ல வேகவைத்துக்கொண்டே இருக்கிறது. விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிற கடையிலும் ருசி போகத்தான் செய்யும்.

நியாயமாகச் சொன்னால் எல்லா உணவும் இப்படி நொந்துபோவதில்லை. கொண்டைக்கடலை மசாலா, ராஜ்மா, தால் மக்கனி மூன்றும் காத்திருந்தால் கோபித்துக்கொள்ளாத ஜாதி. முழு உளுந்தும் ராஜ்மாவும் வெண்ணெயோடு மணிக்கணக்கில் கொதித்தால்தானே தால் மக்கனியே. அன்று மதியம் நாங்கள் இரண்டாம் முறை போட்டுக்கொண்டது அது ஒன்றைத்தான். ஆக, பஃபேக்குப் போயே ஆக வேண்டும் என்றால் பருப்பு, பயறு பக்கம் ஒதுங்கிவிடுங்கள். பச்சையாக இருக்க வேண்டியது, மொறுமொறுவென்று இருக்க வேண்டியது இரண்டையும் தொட வேண்டாம்.

"எல்லாத்தையும் ஒரு வாய் பாத்துடலாம்" என்ற முதல் கட்சியின் வாதத்தில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. பெரும்பாலான இந்திய உணவகங்களில் வெங்காயம் தக்காளி அரைத்த ஒரு அடிப்படைக் குழம்பு, முந்திரி அரைத்த வெள்ளைக் குழம்பு ஒன்று, இப்படி இரண்டு மூன்றைக் காலையிலேயே செய்து வைத்துவிடுவார்கள். அதிலிருந்துதான் பத்துப் பெயர் பிறக்கிறது. இரவிலும் அதேதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இரவில் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனியாக ஒரு வாணலி ஏறுகிறது. அதில் சீரகம் பொரிகிறது, இஞ்சி வதங்குகிறது, கடைசியில் கசூரி மேத்தி என்கிற காய்ந்த வெந்தயக்கீரையை உள்ளங்கையில் தேய்த்துப் போடுகிறார்கள். ஒரு பெயருக்கும் இன்னொரு பெயருக்கும் உள்ள வித்தியாசமே அந்தக் கடைசி மூன்று நிமிடத்தில்தான் வருகிறது. ட்ரேயில் இரண்டு மணி நேரம் கிடந்தால் முதலில் ஓடிப்போவதும் அந்த வாசனைதான். நான் அன்று எட்டு வகை போட்டுக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் இரண்டரை வகைதான் தேறும்.

காரமும் அப்படித்தான். பஃபேயில் யார் வந்து எடுப்பார்கள் என்று தெரியாது, அதனால் யாரையும் அழவைக்காத அளவில் நிறுத்திவிடுவார்கள். இரவில் எவ்வளவு காரம் வேண்டும் என்று கேட்கிறார்கள். பரிமாற வந்த தம்பியிடம் அம்மா, "நம்ம வீட்டுக் காரம் போடச் சொல்லுப்பா" என்றாள். அவன் பஞ்சாபிப் பையன், அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான்.

இரவுக்குப் போனால் ஆர்டர் செய்வதில் கொஞ்சம் கவனம் வேண்டும், இல்லாவிட்டால் காசுதான் போகும். ஆளுக்கொரு கிரேவி என்று சொல்லி நான்கும் ஒரே நிறத்தில் வந்து உட்கார்ந்த அனுபவம் எனக்கு உண்டு. இப்போது நாங்கள் நான்கு பேருக்கு மூன்று உருப்படிகள்தான் சொல்கிறோம்: தாளித்த பருப்பு ஒன்று, குழம்பில்லாத உலர்ந்த காய் ஒன்று, கிரேவி ஒன்று. கூடவே நான் ரொட்டி, அதையும் ஒரேயடியாகச் சொல்லாமல் இரண்டிரண்டாக. பருப்பை ஏன் சொல்கிறேன் என்றால், அதில் ஒளிந்துகொள்ள இடமில்லை. க்ரீமும் முந்திரியும் கிடையாது. பூண்டு சிவந்ததா, கருகியதா, பெருங்காயம் போட்டார்களா இல்லையா என்று முதல் கரண்டியிலேயே தெரிந்துவிடும். பருப்பு நன்றாக இருந்தால் அடுத்த தடவை மற்றதை நம்பிக் கேட்கலாம்.

கோழி, ஆடு பற்றி என் பேச்சைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். நான் கறி விட்டு ஆறு வருடம் ஆகிறது. மனைவி சொல்வது இது: பட்டர் சிக்கன் பஃபேயிலும் தாக்குப்பிடிக்கிறது, குழம்புக்குள் முங்கிக் கிடப்பதால் காய்வதில்லை. தந்தூரி சிக்கன் மதியம் நார் நாராக வந்தது, இரவில் ஓசையோடு சூட்டுக்கல்லில் வந்தது. ஆட்டுக்கறி மட்டும் மதியமே நன்றாக இருந்ததாம், நேரம் ஆக ஆகக் குழைந்திருக்கும் போல. ஒரே கடையில் ஒருத்தர் சொன்ன கணக்கு இது, அவ்வளவுதான் இதன் எடை.

பஃபேக்கு நான் தயங்காமல் ஓட்டுப் போடும் இடங்களும் உண்டு. அலுவலகத்தில் இந்தியச் சாப்பாட்டையே தொட்டறியாத நண்பர்களைக் கூட்டிப் போவதென்றால் பஃபேதான். பெயரைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் கண்ணால் காட்டுவது சுலபம், பிடிக்காவிட்டால் ஒரு கரண்டியோடு போகும். வளர்கிற வயதில் இரண்டு பையன்கள் இருக்கிற வீடு என்றாலும் அதேதான், அவர்களை இரவு ஆர்டருக்குக் கூட்டிப் போனால் வீட்டு வாடகை மிஞ்சாது. அம்மா மாதிரி ஆட்களுக்கு நேர் எதிர். ஒரு கரண்டி சோறு, கொஞ்சம் தயிர், அரை குலாப் ஜாமூன் சாப்பிட்டுவிட்டு முழு ஆளுக்கான காசு கட்டியதை அவள் இன்னும் மறக்கவில்லை. "இந்தக் காசுக்கு நான் ஒரு வாரம் சமைப்பேன்" என்று மாதம் ஒரு தடவையாவது சொல்லிவிடுகிறாள்.

பஃபேக்குப் போவதென்றால் நேரத்தைப் பார்த்துப் போங்கள். எங்கள் முதல் தப்பு ஒன்றே முக்காலுக்குப் போனது, இரண்டாவது தப்பு வாரநாளில் போனது. பிறகு ஒரு சனிக்கிழமை, திறந்து அரை மணி நேரம் ஆன சமயம் பார்த்துப் போனேன். கூட்டம் இருந்ததால் ட்ரேக்கள் காலியாகிக்கொண்டே இருந்தன, புதிது வந்துகொண்டே இருந்தது. அந்த மதியத்தையும் ஒரு சுமாரான இரவையும் வைத்தால் எதைச் சொல்வது என்று எனக்கே சந்தேகம் வரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: காலியான ட்ரேயை எடுத்துவிட்டுப் புது ட்ரே வைக்கிறார்களா, பழையதன் தலையிலேயே புதிதைக் கொட்டுகிறார்களா? கொட்டினால் தட்டைக் கீழே வைத்துவிட்டு மெனு அட்டை கேட்டுவிடுவேன்.

போன வாரம் அந்தக் கடை வாசலில் ஒரு அட்டை தொங்கியது. இனி ஞாயிற்றுக்கிழமை பஃபேயில் கூடத்திலேயே கல்லை வைத்துத் தோசை சுட்டுத் தரப்போகிறார்களாம். இன்னும் போகவில்லை. போனால் மேசையில் உட்காருவதாக இல்லை, தட்டைப் பிடித்துக்கொண்டு கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றுவிடுவதாக இருக்கிறேன். அம்மா தன் பங்குக்கு இப்போதே ஒரு ஸ்டூல் கேட்கிறாள்.