பனிக்கரடிக்குப் போஸ்டர் கலரா, கிரேயானா?

மதுரையில் மார்கழி என்றாலும் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஆனாலும் மூன்றாம் வகுப்புக்குக் குளிர்கால விலங்குகள் ஓவியம் என்றால் பனிக்கரடியும் பென்குயினும்தான். எதில் வரைய வைப்பது என்ற முடிவு எங்கள் பள்ளியில் என்னிடம் வந்தது. போஸ்டர் கலரை ஓரம் வைத்துவிட்டு, மெழுகு கிரேயானும் வாட்டர் கலர் கேக்கும் என்று மாறிவிட்டேன்.

போஸ்டர் கலரைக் குறை சொல்லவில்லை. பளிச்சென்று இருக்கும், காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு கொடுக்கலாம், சுவரில் ஒட்டினால் கடைசி வரிசை வரை தெரியும்.

சிக்கல் வெள்ளையில்தான். இந்தப் படங்களில் பாதிக்கு மேல் வெள்ளை: பனி, கரடி, பென்குயின் வயிறு, கோடையில் பழுப்பாக இருந்து குளிர்காலத்தில் வெளுக்கும் ஆர்க்டிக் நரி. செட்டோடு வரும் சின்ன வெள்ளை பாட்டில் எந்த மூலைக்கு? நீலத்தில் தோய்த்த பிரஷ்ஷை அரைகுறையாக அலசி வெள்ளைக்குள் விடுவார்கள். அதோடு பாட்டில் முழுக்கச் சாம்பல். கரடி அழுக்கு வேட்டி நிறத்தில் நிற்கும். வெள்ளையை மட்டும் பெரிய பாட்டிலாக வாங்கலாம்தான். ஆனால் எட்டு வயதுப் பிள்ளைகளின் தண்ணீர் டம்ளரை யார் காவல் காப்பது?

கிரேயான் முறையில் தாளே வெள்ளை. பென்சிலில் லேசாகக் கோடு போட்டு, உள்ளே வெள்ளை கிரேயானை அழுத்தித் தேய்க்க வேண்டும். அப்புறம் நீலத்தை நிறையத் தண்ணீரில் கரைத்துத் தாள் முழுக்கப் பூசினால், மெழுகு பட்ட இடத்தில் மட்டும் ஒட்டாமல் விலகும். "டீச்சர், கரடி வந்துருச்சு!" என்று ஒரு மூலையில் ஆரம்பிக்கும் சத்தம் வகுப்பு முழுக்கப் பரவும். கண்ணும் மூக்கும் கருப்பு கிரேயானில். கரடியின் முடிக்கு நிறமே கிடையாது, அடியில் தோல் கருப்பு என்று அப்போதே சொல்லிவிடலாம்.

பூச்சு ஈரமாக மினுமினுக்கும்போதே கொஞ்சம் கல் உப்பைத் தூவுங்கள். உப்பு ஈரத்தை நிறத்தோடு இழுத்துக்கொள்ளும். காய்ந்ததும் தட்டிவிட்டால் பனி கொட்டியது போல வெளிர்ப்புள்ளிகள். அதற்கு ஃபேனை நிறுத்தியாக வேண்டும், சீக்கிரம் காய்ந்தால் உப்பு வேலை செய்யாது. தாளும் கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும், மெல்லியது சுருண்டுவிடும்.

கருநீலச் சார்ட்டில் ஆயில் பேஸ்டலும் வெள்ளையைக் காப்பாற்றும், தண்ணீரே வேண்டாம். ஆனால் கையெல்லாம் அப்பிக்கொள்ளும். வீட்டில் மகளோடு போட்டுப் பார்த்ததோடு சரி, வகுப்புக்குச் சரிவருமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அக்ரிலிக் வேண்டவே வேண்டாம். காய்ந்துவிட்டால் பிரஷ்ஷும் போச்சு, யூனிஃபார்மும் போச்சு.

எதில் வரைந்தாலும் கரடியையும் பென்குயினையும் ஒரே தாளில் நிறுத்தாதீர்கள். அது வடதுருவப் பக்கம், இது தெற்கே. நம் பக்கத்துக் குளிர்கால விருந்தாளி வேண்டுமென்றால், இமயமலையைத் தாண்டித் திருநெல்வேலிப் பக்கத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் வரை வரும் வரித்தலை வாத்து இருக்கிறது. உடம்பு சாம்பல், வெள்ளைத் தலையில் இரண்டு கருப்புப் பட்டை. அதற்குப் போஸ்டர் கலரே எடுங்கள். அழுக்கான அந்த வெள்ளை பாட்டிலும் காலியாகும்.