எஸ்கேப் ஃப்ரம் பிரிட்டோரியா: அரம் பிடித்தவர்கள் சொல்லும் விமர்சனம்

சிறையை உடைத்துத் தப்பிக்கும் படம் என்றதும் சுரங்கம், கயிறு, துப்பாக்கிச் சண்டை என்று எதிர்பார்த்து உட்கார்ந்தவர்களுக்கு, 2020இல் வந்த ‘எஸ்கேப் ஃப்ரம் பிரிட்டோரியா’ கொஞ்சம் ஏமாற்றம்தான். இதில் ஒரு மனிதன் 106 நிமிடமும் சாவி செய்கிறான். அதுவும் மரத்தில். பெங்களூரில் இதைப் பார்த்த நம் ஆட்களின் கருத்து இரண்டாகப் பிரிவதற்கும் அதுதான் காரணம். ‘கதையே நகரவில்லை, டேனியல் ராட்கிளிஃப் பேசும் தென்னாப்பிரிக்க இங்கிலீஷ் ஒட்டவில்லை’ என்று பாதியில் நிறுத்தியவர்கள் ஒரு பக்கம். பீன்யா தொழிற்பேட்டையில் டூல்ரூம் வேலை, டை வேலை, ஃபிட்டிங் என்று அரத்தோடு பிழைப்பவர்கள் மறுபக்கம். இவர்கள் சில காட்சிகளை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்க்கிறார்கள். இந்த விமர்சனம் இரண்டாவது தரப்பின் பக்கம் நின்று எழுதப்படுகிறது. முதல் தரப்பு சொல்வதிலும் நியாயம் உண்டு, அதற்கும் வருவோம்.

நடந்த கதை இது. டிம் ஜென்கின், ஸ்டீபன் லீ என்ற இரண்டு வெள்ளைக்கார இளைஞர்கள், தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசை எதிர்த்துப் போராடியதால் தடைசெய்யப்பட்டிருந்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரசுக்காக வேலை பார்த்தவர்கள். தெருவில் சின்ன வெடியை வைத்து, கூட்டத்தின் நடுவே துண்டறிக்கைகளைப் பறக்கவிடுவது இவர்கள் பாணி. 1978இல் பிடிபட்டார்கள். ஜென்கினுக்கு 12 ஆண்டு, லீக்கு 8 ஆண்டு. பிரிட்டோரியா சிறையில் அடைக்கப்பட்டு, 1979 டிசம்பர் 11 அன்று அலெக்ஸ் மூம்பாரிஸ் என்ற இன்னொரு கைதியோடு கதவு கதவாகத் திறந்துகொண்டு வெளியே நடந்து போனார்கள். ஜென்கின் பிறகு எழுதிய புத்தகத்தை வைத்து ஃபிரான்சிஸ் அன்னன் இயக்கிய படம் இது. முடிவு தெரிந்துவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். தப்பித்தார்களா என்பது இந்தப் படத்தின் சஸ்பென்ஸ் அல்ல. கையில் இருக்கும் அந்தக் கட்டைச் சாவி இந்தப் பூட்டைத் தாங்குமா, உள்ளே உடைந்து போகுமா என்பதுதான் நம்மை நகத்தைக் கடிக்க வைக்கிறது.

மரச்சாவி இரும்புப் பூட்டைத் திறக்குமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. திறக்கும். திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். லீவர் பூட்டுக்குள் மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றையும் ஒரு மெல்லிய ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். சாவியின் பல்லில் உள்ள ஒவ்வொரு படியும் தனக்கு உரிய தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். எல்லாத் தகடுகளின் வெட்டும் ஒரே நேர்கோட்டில் வந்தால்தான் பூட்டின் நாக்கு நகரும். ஒரு தகடு கொஞ்சம் கூட ஏறினாலும் அடைக்கும், கொஞ்சம் குறைந்தாலும் அடைக்கும். தகட்டைத் தூக்கப் பெரிய பலம் தேவையில்லை, நல்ல மரம் அதைச் செய்துவிடும். பலம் வேண்டியிருப்பது அடுத்த கட்டத்தில். அதே பல்தான் கனத்த நாக்கையும் தள்ள வேண்டும். மரச்சாவி முறிவது பெரும்பாலும் அங்கேதான்.

முறிவதும் இரண்டு இடத்தில்தான். ஒன்று தண்டு. உருண்டைத் தண்டு முறுக்கைத் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் பலம் எட்டில் ஒரு பங்கு. மரம் பலவீனம் என்று தண்டைப் பருமனாக்கவும் முடியாது, ஏனென்றால் சாவித்துளை அளந்து கொடுத்த இடம் அவ்வளவுதான். இரண்டாவது, பல் தண்டோடு சேரும் அடிப்பகுதி. தச்சு தெரிந்தவர்கள் இதை உடனே பிடித்துவிடுவார்கள். சாவி முழுவதையும் ஒரே பலகையில் அறுத்தால் நார் தண்டின் நீளவாக்கில் ஓடும். அப்போது பல்லிலும் நார் அதே திசையில்தான் இருக்கும், தள்ளும்போது பல் அடியோடு பிளந்துகொண்டு வந்துவிடும். நார் வெளிப்பக்கம் ஓடும்படி பல்லைத் தனித்துண்டாக எடுத்து, தண்டில் காடி (பள்ளம்) போட்டுப் பசையோடு இறக்கினால் கதை வேறு. தேக்கைவிட ஈட்டி மரம் (ரோஸ்வுட்) போல இறுக்கமான மரம் இதற்கு நல்லது. தேக்கு எண்ணெய்ப்பசை உள்ள மரம், பசை பிடிப்பதும் சற்றுச் சிரமம். முதல் சாவிகள் ஏன் தோற்கின்றன என்பதை நார் வரை இறங்கிப் படம் சொல்வதில்லை. ஒரு நிமிடம் கூடுதலாகக் கொடுத்துச் சொல்லியிருந்தால் பார்ப்பவர்கள் எல்லோரும் தாங்களே சாவி செய்வது போல் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் முதல் குறை அது.

அளவு எடுப்பது படத்தில் நன்றாக வந்திருக்கிறது. காவலரின் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தை ஜென்கின் (ராட்கிளிஃப்) கண்ணாலேயே அளக்கிறான். கேட்டால் நம்ப முடியாது போலிருக்கும், ஆனால் வேலை தெரிந்தவன் கண்ணுக்கு அது முடியும். தெரிந்த ஓர் அளவு இருந்தால் போதும், மற்றவற்றை விகிதத்தில் கணக்கிட்டுவிடலாம். துளையின் உயரம் தெரிந்தால் பல்லின் மொத்த உயரம் தெரியும், அதில் இந்தப் படி பாதியா, முக்காலா என்று பார்த்தால் போதும். பூட்டுக்காரர்கள் எப்போதும் அளவைக் கொஞ்சம் தாராளமாக விட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். படி உயரமாக இருந்தால் தேய்த்துக் குறைக்கலாம், தேய்த்தது கூடிப்போனால் அந்தச் சாவி வீண். அதுவும் மரத்தில், அரத்தை ஒரு இழுப்பு கூட இழுத்தால் கால் மில்லிமீட்டர் போய்விடும்.

மரத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு, அதைப் படம் தொடவே இல்லை. ஈரம். நார் ஓடும் திசையில் மரம் அதிகம் நீளாது, குறுக்கே உப்பும். 20 மில்லிமீட்டர் அகலத்துக்கு 0.2 மில்லிமீட்டர் வரை மாறுவது சாதாரணம். ஆகஸ்டு மழையில் பெங்களூர் வீட்டுக் கதவு நிலையில் இறுகுவதும் இதனால்தான். வறண்ட நாளில் பொருந்திய சாவி மழையில் இறுகும் என்பதைப் பயன்படுத்தியிருந்தால் இன்னொரு நல்ல பதற்றக் காட்சி கிடைத்திருக்கும்.

அடுத்தது துடைப்பக் கழி. அறைக்கு இரண்டு கதவு. உள்ளே கம்பிக்கதவு, வெளியே இரும்புக்கதவு. வெளிக்கதவின் சாவித்துளை தாழ்வாரப் பக்கம் மட்டுமே இருக்கிறது. ஆகவே ஜன்னல் வழியாகக் கழியை நீட்டி, அதன் நுனியில் சாவியைப் பொருத்தி, உள்ளே நின்றபடி கைப்பிடியைச் சுழற்றித் திறக்க வேண்டும். பார்த்தவர்களில் பலர் ‘சினிமா ரீல்’ என்று ஒதுக்கிய இடம் இது, ஆனால் உண்மையில் நடந்தது. இயந்திரம் தெரிந்தவர்களுக்கு இதன் கஷ்டம் கண்முன் நிற்கும். நீளமான கழி நுனியில் தொய்யும். சாவி துளைக்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்ந்தால் பல்லுக்குப் பக்கவாட்டுச் சுமை விழும், மரத்துக்கு அது ஆகவே ஆகாது. இணைப்புகளில் ‘ப்ளே’ (தளர்ச்சி) இருந்தால் கைப்பிடி கால் சுற்று போன பிறகும் சாவி அசையாது, அசையும்போது திடுக்கென்று அசையும். இவ்வளவையும் ஒருவன் இரவில், கண்ணுக்குத் தெரியாத துளையில், சத்தமில்லாமல் செய்கிறான். ராட்கிளிஃப்பின் முகத்தைவிட அவர் மணிக்கட்டைப் பாருங்கள். வசனத்தில் சறுக்கியிருக்கலாம், கைவேலையில் மனிதர் நம்ப வைக்கிறார்.

எல்லோரும் ஒரே குரலில் பாராட்டும் காட்சி, சாவி கீழே விழும் காட்சி. கைக்கு எட்டாத தூரத்தில் தரையில் கிடக்கிறது. காவலர் எந்த நேரமும் வரலாம். மென்ற சூயிங்கத்தைக் கழி நுனியில் ஒட்டி அதை எடுக்கப் பார்க்கிறான். இயக்குநர் அவசரப்படவில்லை. ஒட்டுகிறது, கொஞ்சம் ஏறுகிறது, நழுவுகிறது. கேமரா சாவியோடு தரையிலேயே இருக்கிறது. பெரிய வெடிச்சத்தம் எதுவும் தராத படபடப்பை இந்தக் காட்சி தருகிறது. படம் பிடிக்கவில்லை என்றவர்கள்கூட இதை மட்டும் மறுக்கவில்லை. இதைச் சின்னப் போன் ஸ்பீக்கரில் பார்க்காதீர்கள். ஹெட்போன் போட்டுப் பார்த்தால்தான் அரம் இழுபடுவதும் தொலைவில் காலடி நெருங்குவதும் பிரிந்து கேட்கும், பாதி சஸ்பென்ஸ் அந்தச் சத்தத்தில்தான் இருக்கிறது.

இனி முதல் தரப்பின் புகார்கள். ராட்கிளிஃப்பின் உச்சரிப்பு அங்கங்கே தடுமாறுகிறது, உண்மைதான். ஸ்டீபன் லீயாக வரும் டேனியல் வெப்பருக்குக் கதையில் இடமே இல்லை. கூடவே இருக்கிறார், தலையாட்டுகிறார், அவ்வளவு. இதைவிட எங்களுக்கு உறுத்துவது மூன்றாவது ஆள். படத்தில் லியோனார்ட் ஃபொன்டேன் என்று வருபவர் கற்பனைப் பாத்திரம். உண்மையில் போனவர் மூம்பாரிஸ். அவருக்கென்று ஒரு வாழ்க்கை இருந்தது, அரசியல் இருந்தது, 1973இல் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தவர் அவர். அந்த இடத்தில் ஒரு பொதுவான ‘கோபக்கார பிரெஞ்சுக்காரனை’ வைத்தது படத்துக்கு நஷ்டம்.

தமிழ்ப் பார்வையாளர்கள் கேட்கும் இன்னொரு கேள்வி முக்கியமானது. நிறவெறிக்கு எதிரான போராட்டம் என்கிறீர்கள், சிறையில் ஏன் எல்லோரும் வெள்ளைக்காரர்களாகவே இருக்கிறார்கள்? நிறவெறி அரசு சிறையையும் நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்தது. 1964 ரிவோனியா வழக்கில் மண்டேலாவோடு ஆயுள் தண்டனை பெற்ற டெனிஸ் கோல்ட்பெர்க், வெள்ளையர் என்பதால் பிரிட்டோரியாவில் அடைக்கப்பட்டார். மண்டேலாவும், அதே வழக்கில் தண்டனை பெற்ற இந்திய வம்சாவளியினரான அகமது கத்ராதாவும் ராபன் தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். இந்தப் பின்னணியைப் படம் போதிய அளவு விளக்குவதில்லை. தெரிந்துகொண்டு பார்த்தால் கோல்ட்பெர்க்காக வரும் இயன் ஹார்ட்டின் ஒவ்வொரு பார்வைக்கும் கனம் கூடும். தப்பிக்க முடிந்தும் போகாமல், மற்றவர்கள் போவதற்காக இரவுக் காவலரின் கவனத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்தவர் அவர். 1985இல்தான் வெளியே வந்தார். படத்தின் சிறந்த நடிப்பு இயன் ஹார்ட்டுடையது என்பது எங்கள் எண்ணம்.

கடைசிக் கதவில் நடப்பதைப் பற்றி ஒரு சண்டை ஓடுகிறது. அத்தனை கதவையும் சத்தமில்லாமல் திறந்து வந்தவர்கள் கடைசியில் உளி வேலையில் இறங்குவது கதைக்காகச் சேர்த்தது போலிருக்கிறது என்கிறார்கள். இல்லை. அன்று இரவு உண்மையிலேயே கடைசிக் கதவு சாவிக்கு மசியவில்லை. பூட்டு பிடித்திருந்த மர நிலையைச் சுரண்டித்தான் திறந்தார்கள். நடந்த சம்பவத்திலேயே இப்படியொரு உச்சம் இருந்தது இயக்குநரின் அதிர்ஷ்டம்.

வீட்டில் பார்ப்பவர்களுக்கு இரண்டு தகவல். ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள், காவலர்களின் பேச்சில் ஆஃப்ரிகான்ஸ் மொழி கலந்து வரும். பணத்தை உடம்புக்குள் மறைக்கும் காட்சியும் சிறை அதட்டல்களும் இருப்பதால் சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம், பத்தாம் வகுப்புக்கு மேல் பார்க்கலாம். சிறையில் பார்வையாளர்களைச் சந்திக்கும் காட்சியில் ராட்கிளிஃப்புக்குப் பக்கத்து இடத்தில் ஒரு முதியவர் உட்கார்ந்திருப்பார், கவனியுங்கள். உண்மையான டிம் ஜென்கின் அவர்தான்.

இந்த வகைக் கைவேலை பிடித்துவிட்டது என்றால் அடுத்து ஜாக் பெக்கர் இயக்கிய ‘லெ த்ரூ’வைத் தேடிப் பாருங்கள். 1960இல் வந்த கறுப்பு வெள்ளைப் பிரெஞ்சுப் படம். சிறை அறையின் தரையை உடைப்பதை வெட்டில்லாமல் நிமிடக்கணக்கில் காட்டுவார்கள், பின்னணி இசையும் கிடையாது. உண்மையில் அந்த முயற்சியில் பங்கெடுத்த ஒருவரே அதில் நடித்திருக்கிறார். பிரிட்டோரியா படம் அவசரத்தில் தாண்டிப் போன உழைப்பு அதில் முழுதாகக் கிடைக்கும்.